அதிக லைக் வாங்கிய டியூன் உங்கள் கையில் ஏன் சுழல்கிறது?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் பி.ஜி.யில் தங்கி வேலை பார்க்கும் நண்பர் கேட்டிருப்பது இதுதான். ஃபோர்ஸா ஹொரைசன் 5 என்ற கார் பந்தய விளையாட்டில் டொயோட்டா சுப்ராவுக்கு எஸ்1 கிளாஸ் டியூன் தேடினார். டியூன் என்பது ஒரு வண்டிக்கு ஒருவர் தேர்ந்தெடுத்த பாகங்களும் அமைப்பு எண்களும், மற்றவர்களும் இறக்கிப் பயன்படுத்தலாம். பட்டியலில் முதலில் நின்ற, ஏகப்பட்ட லைக் வாங்கிய ஒன்றை இறக்கி மாட்டினார். இரண்டாவது கியரில் வளைவை விட்டு வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரைத் தொட்டாலே வண்டி சுழல்கிறது. இன்னொரு பக்கம், அவரே மெனக்கெட்டுச் செய்து பகிர்ந்த டியூனை ஒருவரும் சீண்டவில்லை. "நல்ல டியூனைக் கண்டுபிடிக்க வழி உண்டா, இல்லை அந்தப் பட்டியலே வீணா?" என்று முடித்திருக்கிறார்.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒரு டியூன் நல்லதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது என்பது ஒன்று. பட்டியலில் எது மேலே வருகிறது, ஏன் வருகிறது என்பது மற்றொன்று. நான் படித்தது மெக்கானிக்கல். இந்த ஊரில் பல வருடங்களாகப் பார்ப்பது ஒரு கடைத் தளத்தில் தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் வேலை. சாயங்காலம் வீட்டில் டியூன் செய்வது பழக்கம். அதனால் இரண்டுக்கும் என்னால் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். விளையாட்டின் உள்ளே இருக்கும் வரிசைக் கணக்கை நான் பார்த்ததில்லை. அந்தப் பகுதியில் சொல்வது வெளியிலிருந்து கவனித்ததும், என் தொழில் அனுபவத்தில் ஊகித்ததும்தான். வண்டியின் இயற்பியல் அப்படியில்லை, அது உறுதியானது.

முதலில் தரம். ஹொரைசன் 5-இல் ஒவ்வொரு வண்டிக்கும் அதன் திறனைச் சொல்லும் பிஐ (பெர்ஃபார்மன்ஸ் இன்டெக்ஸ்) என்ற எண் உண்டு. 701 முதல் 800 வரை ஏ கிளாஸ், 801 முதல் 900 வரை எஸ்1, 901 முதல் 998 வரை எஸ்2. அந்த எண்ணுக்குள் எதை வாங்கிப் போடுவது என்பது டியூன் செய்பவர் கையில் இருக்கிறது. ஒருவர் பெரிய டர்போவில் செலவழித்துவிட்டு டயரில் மிச்சம் பிடிப்பார். இன்னொருவர் ரேஸ் டயரும் அகலமான பின்சக்கரமும் போட்டுவிட்டு இன்ஜினை அடக்கியே வைப்பார். இரண்டு வண்டிக்கும் திரையில் எஸ்1 900 என்றுதான் வரும். கோலியாத் மாதிரி நீண்ட நேர்ச்சாலைகள் வரும் பந்தயத்தில் முதல் வண்டி பறக்கும். குவானஹுவாட்டோ நகரத் தெருக்களில் அதே வண்டி சுவரில்தான் போய் நிற்கும். ஆக, எந்தப் பந்தயத்துக்கு என்று தெரியாமல் ஒரு டியூனை நல்லது, கெட்டது என்று சொல்லவே முடியாது.

பந்தயத்தைவிடவும் பெரிய வித்தியாசம் ஓட்டும் ஆளிடமும் அவர் கையில் இருக்கும் சாதனத்திடமும் இருக்கிறது. இதை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை என்பதுதான் எனக்குள்ள பெரிய ஆதங்கம். எங்கள் வட்டத்தில் அல்சூர், பி.டி.எம். லேஅவுட், ஒயிட்ஃபீல்டு என்று சிதறிக் கிடக்கும் தமிழ்ப் பசங்க சிலர் ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் கூடுவோம். அங்கே சாப்பாட்டு மேஜையில் ஸ்டீயரிங் வீலை இறுக்கி, பெடலைச் சுவரோடு அண்டக்கொடுத்து வைத்திருப்பார்கள். இரு கையிலும் பிடித்து விளையாடும் கன்ட்ரோலரும் இருக்கும். ஒருநாள் ஒரே பின்சக்கர இயக்க வண்டியை, ஒரே டியூனில், ஒரே வளைவில் மாறி மாறி ஓட்டினோம். பெடலில் ஓட்டியவர் வளைவின் நடுவிலேயே காலை மெல்ல அழுத்தத் தொடங்கி, வண்டி நேராக நேராக மீதியைக் கொடுத்து, அலுங்காமல் வெளியே வந்தார். கன்ட்ரோலரில் ஓட்டியவரும் நன்றாக ஓட்டக்கூடியவர்தான். ஆனால் அவர் விரல் நகர்வதற்கு இருக்கும் தூரம் ஒரு சென்டிமீட்டர் சுமார். அதற்குள் பாதி ஆக்சிலரேட்டருக்கும் முழு ஆக்சிலரேட்டருக்கும் நடுவில் நிற்பது கஷ்டம். பின்பக்கம் விலகிப் போனது. திருப்ப முயன்றபோது கட்டைவிரல் குச்சியை மறுமுனைக்குத் தள்ளிவிட, வண்டி எதிர்ப்பக்கம் அடித்துச் சுழன்றது.

அதற்குக் காரணம் டியூனில் இருந்த ஒரே ஒரு எண் என்று பிறகு பார்த்தோம். இன்ஜின் சக்தியை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரன்ஷியலில், ஆக்சிலரேஷன் பூட்டு மிக அதிகமாக இருந்தது. அந்த எண் உயர்ந்திருந்தால் பின்னால் இருக்கும் இரண்டு சக்கரங்களும் சேர்ந்தே சுற்றும். நேராக ஓடும்போது அது நல்லது, இழுவை வீணாகாது. வளைவில் சக்தி மிஞ்சினால் இரண்டும் ஒரே நேரத்தில் பிடி விடும். டயருக்கு இருக்கும் பிடி ஒன்றுதான். முன்னே தள்ளவும் பக்கவாட்டில் நிற்கவும் அதையே பங்கு போட வேண்டும். தள்ளுவதற்கே எல்லாம் போய்விட்டால் பக்கவாட்டில் நிற்க ஒன்றும் மிஞ்சாது, பின்பக்கம் வீசும். எண் குறைவாக இருந்தால் உள்சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றும், வெளிச்சக்கரம் பிடித்துக்கொண்டு நிற்கும். கொஞ்சம் வேகம் போனாலும் வண்டி உங்கள் கையில் இருக்கும். வளைவில் வண்டி ஒருபக்கம் சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஆன்டி-ரோல் பாருக்கும், பின்பக்கம் இறுக்கமாக இருந்தால், பின்பக்கம் வீசுவதில் பங்கு உண்டு. அதை இறுக்கினால் வளைவில் பின்பக்கத்து எடை வெளிச்சக்கரத்தின் மேல் அதிகமாகச் சாயும். எடை ஏறும் அளவுக்கு டயரின் பிடி ஏறுவதில்லை என்பதால், இரண்டு சக்கரமும் சேர்ந்து தரும் மொத்தப் பிடி குறைந்துவிடும்.

உங்கள் சுப்ராவில் நடப்பதும் பெரும்பாலும் இதுதான். அந்த டியூனைப் போட்டவர் பெடலில் ஓட்டுகிறவராக இருக்கலாம். டிராக்‌ஷன் கன்ட்ரோலை (சக்கரம் வீணாகச் சுற்றாமல் பார்த்துக்கொள்ளும் உதவி) இயக்கி வைத்து ஓட்டியிருக்கலாம், நீங்கள் அணைத்து வைத்திருக்கலாம். ஸ்டீயரிங் அமைப்பு உங்களுக்கு ஸ்டாண்டர்டாகவும் அவருக்கு உதவி குறைந்த சிமுலேஷனாகவும் இருக்கலாம். நீளமான நேர்ச்சாலையில் வேகம் பார்ப்பதற்காகவே செய்யப்பட்ட டியூனாகவும் இருக்கலாம். இதில் எது என்று உங்களால் பார்க்க முடியாது. ஃபோர்ஸாவில் பிறர் பகிர்ந்த டியூன் பூட்டியே வரும். எந்தப் பாகங்கள் போட்டிருக்கிறார் என்பதைப் பார்க்கலாம், உள்ளே வைத்த எண்களைப் பார்க்கவோ திருத்தவோ முடியாது. உழைத்தவரின் உழைப்பைக் காப்பதற்கான ஏற்பாடு அது, அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் கற்றுக்கொள்ள நினைப்பவருக்குக் கதவு சாத்தியே இருக்கிறது. அசெட்டோ கோர்ஸா என்ற இன்னொரு கார் பந்தய விளையாட்டில் டியூனை செட்டப் என்பார்கள், அது சாதாரண எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்து ஒவ்வொரு வரியாகப் படிக்கலாம். அதனால்தான் அந்த விளையாட்டுக்காரர்கள் செட்டப்பைப் பற்றி அவ்வளவு ஆழமாகப் பேசுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

வெளிப்படையாக இருந்தால் மட்டும் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றும் இல்லை. அதே வரிசையில் வந்த அசெட்டோ கோர்ஸா காம்பெடிட்ஸியோனே விளையாட்டில் டயர் காற்றழுத்தம்தான் செட்டப்பின் உயிர். வெயில் ஒரு டிகிரி ஏறினால் சூடான டயரின் அழுத்தம் சுமார் 0.1 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) ஏறும் என்பது ஓட்டுகிறவர்கள் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. 22 டிகிரியில் ஒருவர் சரியாக அமைத்ததை நீங்கள் 30 டிகிரியில் ஓட்டினால் 0.8 பிஎஸ்ஐ தள்ளிப் போயிருக்கும். கோப்பில் ஒரு எண்கூட மாறியிருக்காது, ஆனால் வண்டி வழுக்கும். அப்புறம் 2023-இல் வந்த 1.9 பதிப்பு டயர் கணக்கையே மாற்றியது. அதற்கு முன் எழுதிய செட்டப்கள் ஒரே நாளில் பழசாகிவிட்டன. இறக்கிப் போடுகிறவர் தேதியைப் பார்க்காவிட்டால், "இது எல்லோருக்கும் ஓடியிருக்கிறதே, எனக்கு மட்டும் ஏன்" என்று குழம்பத்தான் வேண்டும்.

சரி, இனி பட்டியலுக்கு வருவோம். இது என் தொழில். எந்தப் பட்டியலிலும் மேலே இருப்பதைத்தான் ஜனங்கள் முதலில் தொடுவார்கள், பெரும்பாலானவர்கள் அதோடு நின்றும்விடுவார்கள். தொட்டதில் சிலர் லைக் போடுவார்கள். லைக் கூடினால் அது இன்னும் மேலேயே நிற்கும். வண்டி விளையாட்டுக்கு வந்த முதல் வாரத்தில் பகிரப்பட்ட டியூனுக்கு இந்தச் சக்கரம் அப்போதே சுழலத் தொடங்கிவிடும். இரண்டு வருடம் கழித்து வருகிற உங்கள் டியூன் அதைவிட நன்றாக இருந்தாலும், பத்துத் திரை கீழே கிடந்தால் யார் கண்ணில் படும்? ஹொரைசன் 5 வெளியானது 2021 நவம்பரில். அன்றே களத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்த முன்தூரம் இன்றுவரை அவர்களிடமே இருக்கிறது. யூடியூபில் சேனல் வைத்திருப்பவர்களுக்கு அது இரட்டிப்பு. அவர்களுடைய ஒன்பது இலக்கப் பகிர்வு எண்ணை வீடியோவில் பார்த்து நேராகத் தட்டி இறக்குகிறவர்கள், பட்டியலில் வேறு எதையும் பார்ப்பதே இல்லை.

இது வெறும் புலம்பல் இல்லை, சோதித்துப் பார்த்த விஷயம். சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2006-இல் சயன்ஸ் இதழில் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். யாருக்கும் அறிமுகமில்லாத குழுக்களின் 48 பாடல்களை 14,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்கக் கொடுத்தார்கள். சிலருக்குப் பாடல்கள் மட்டும். மற்றவர்களை எட்டுத் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரித்து, தங்கள் கூட்டத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கினார்கள் என்ற எண்ணையும் காட்டினார்கள். தனித்துக் கேட்டவர்களிடம் 26ஆம் இடத்தில் இருந்த ஒரு பாட்டு, ஒரு கூட்டத்தில் முதலிடத்துக்குப் போனது, இன்னொன்றில் 40ஆம் இடத்துக்கு இறங்கியது. எட்டுக் கூட்டத்திலும் பாட்டு அதேதான். முதலில் யார் எதைத் தொட்டார்கள் என்பதுதான் மாறியது. அதே சமயம், மிகச் சிறந்தவை அடிமட்டத்துக்குப் போனது அரிது, மிக மோசமானவை உச்சிக்கு வந்ததும் அரிது. டியூன் பட்டியலையும் நான் அப்படித்தான் படிக்கிறேன். முதல் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் படுமோசமாக இருக்காது. ஆனால் முதலாவதுக்கும் இருபதாவதுக்கும் நடுவில் இருக்கும் வரிசையை நம்ப எந்தக் காரணமும் இல்லை.

லைக் எண்ணிக்கையை விட்டுவிட்டு, இறக்கியவர்களில் எத்தனை பேருக்குப் பிடித்தது என்ற விகிதத்தைப் பார்த்தால் என்ன என்று கேட்பீர்கள். நல்ல யோசனை, ஆனால் அதிலும் பள்ளம் உண்டு. ஐந்து பேர் இறக்கி ஐந்து பேருக்கும் பிடித்தால் நூறு சதவீதம். நூறு பேர் இறக்கித் தொண்ணூறு பேருக்குப் பிடித்தால் தொண்ணூறு சதவீதம். எதை நம்புவீர்கள்? ஐந்து பேர் அவருடைய நண்பர்களாகவே இருக்கலாம். எட்வின் வில்சன் 1927-இல் கொடுத்த ஒரு சூத்திரம் இதற்கென்றே பயன்படுகிறது. குறைவான சாட்சி இருந்தால் அதற்கேற்ப மதிப்பைக் கீழே இறக்கிவிடும். 95 சதவீத நம்பிக்கையில் கணக்குப் போட்டால் முதலாவதின் கீழ்வரம்பு சுமார் 57 சதவீதம், இரண்டாவதின் கீழ்வரம்பு சுமார் 83 சதவீதம். இரண்டாவதுதான் மேலே வர வேண்டும்.

என்னைக் கேட்டால் லைக்கைவிட நல்ல சாட்சி விளையாட்டிடமே இருக்க வேண்டும். இறக்கியவர் அடுத்த பந்தயத்துக்கும் அதே டியூனை வைத்திருந்தாரா, ஒரே பந்தயத்தில் கழற்றிப் போட்டாரா? கன்ட்ரோலர்காரர்கள் மட்டும் கழற்றுகிறார்களா? எங்கள் வேலையில் ஒரு பொருளை எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதோடு, எத்தனை பேர் திருப்பி அனுப்பினார்கள் என்பதையும் பார்ப்போம். பல சமயம் இரண்டாவது எண்தான் உண்மை பேசும். அதோடு, முதல் திரையில் ஓரிரு இடங்களைப் புதியவர்களுக்கு என்று ஒதுக்கிச் சுழற்றினாலே உங்களைப் போன்றவர்களின் டியூன் வெளிச்சத்துக்கு வரும். விளையாட்டுகள் இதைச் செய்தால் மனதார வரவேற்பேன்.

அதுவரை நீங்கள் தேடும் விதத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பட்டியலின் உச்சியிலிருந்து தொடங்காமல், உங்களுக்கு வேண்டிய பந்தயத்தின் ரைவல்ஸ் (மற்றவர்களின் நேரத்தோடு போட்டியிடும் பகுதி) நேரப் பட்டியலைத் திறந்து, மேல்வரிசையில் எந்த வண்டிகள் வருகின்றன என்று பாருங்கள். உலகின் முதல் பத்துப் பேரை விட்டுவிடுங்கள். அவர்கள் விளிம்பில் ஓட்டுகிறவர்கள், அவர்கள் வண்டி நமக்கு அடங்காது. உங்களைவிட இரண்டு மூன்று வினாடி வேகமாக இருக்கிறவர்களைப் பாருங்கள். டியூன் தேடலில் அவர்கள் பெயரைப் போட்டுப் பாருங்கள், பகிர்ந்திருந்தால் வரும். ஒருவருடைய டியூன் ஒரு வண்டியில் உங்கள் கைக்கு ஒத்துவந்தால் அவருடைய மற்ற வண்டிகளையும் எடுத்து ஓட்டுங்கள். டியூன் செய்பவருக்கு என்று ஒரு கை உண்டு, அது வண்டிக்கு வண்டி மாறுவதில்லை. என் அனுபவத்தில் இதைப்போல நம்பகமான வழி வேறில்லை. விளக்கத்தில் எந்தப் பந்தயம், எந்தச் சாதனம் என்று எழுதியிருக்கும் டியூன், எதுவும் எழுதாத டியூனைவிடப் பெரும்பாலும் நன்றாக இருப்பதையும் கவனித்திருக்கிறேன். அவ்வளவு யோசித்து எழுதுகிறவர் ஓட்டிப் பார்த்துத்தான் பகிர்ந்திருப்பார்.

சோதிக்கும் விதமும் முக்கியம். ஒரு லேப் (பாதையின் ஒரு சுற்று) ஓட்டிவிட்டு "இது வேகம்" என்று முடிவு கட்டுகிறோம். உங்கள் லேப் நேரம் லேப்புக்கு லேப் 0.8 வினாடி அளவில் ஏறி இறங்குகிறது என்று வையுங்கள், நம்மில் பலருக்கு அப்படித்தான் இருக்கும். இரண்டு டியூனிலும் ஐந்தைந்து லேப் ஓட்டி சராசரி எடுத்தாலும், அந்த இரண்டு சராசரிகளுக்கு நடுவில் தற்செயலாகவே அரை வினாடி வித்தியாசம் வரலாம். 0.3 வினாடி முன்னேற்றம் என்பது அந்த இரைச்சலில் காணாமல் போய்விடும். இன்னொன்று, ஓட்ட ஓட்டப் பாதை பழகிவிடும், அதனால் இரண்டாவதாக ஓட்டும் டியூனுக்கு இனாமாக ஒரு சலுகை கிடைக்கும். முதல் டியூன், இரண்டாவது, மறுபடி இரண்டாவது, கடைசியில் முதலாவது என்ற வரிசையில் ஓட்டினால் அந்தச் சலுகை இரண்டுக்கும் சமமாகப் போகும். மிக வேகமான லேப்பைப் பார்க்காதீர்கள், நடுவில் விழும் லேப்பைப் பாருங்கள். எத்தனை லேப் சுழலாமல் முடித்தீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பதினொரு பேர் சுற்றி நிற்கும் பந்தயத்தில் அந்த எண்தான் உங்களுக்கு இடம் வாங்கித் தரும்.

உங்கள் சொந்த டியூன் விஷயம். டியூனின் பெயரில் உங்கள் கேமர்டேக்கை (விளையாட்டில் உங்கள் பெயர்) போடாதீர்கள், அது ஏற்கனவே பக்கத்தில் தெரியும். அந்த இடத்தில் தார்ச் சாலையா மண்ணா, எந்தச் சாதனம் என்று வையுங்கள், தேடுகிறவர் தட்டும் சொல் அதுதான். விளக்கத்தில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருந்ததா, எந்தப் பாதையில் ஓட்டிப் பார்த்தீர்கள் என்று ஒரு வரி போதும். சுப்ராவில் ஏற்கனவே மலைபோல் டியூன்கள் குவிந்திருக்கின்றன, அங்கே புதிதாக நுழைவது ரொம்பக் கஷ்டம். ஃபெஸ்டிவல் பிளேலிஸ்ட் என்ற விளையாட்டின் சவால் பட்டியலில் வாராவாரம் குறிப்பிட்ட வண்டி, குறிப்பிட்ட கிளாஸ் என்று கேட்பார்கள். பல வாரம் யாரும் சீண்டாத வண்டி வரும், அன்றைக்கு எல்லோரும் டியூன் தேடுவார்கள். அந்த வாரத்தின் முதல் நாளே நல்ல டியூனோடு இருந்தால், முன்னால் வந்தவருக்குக் கிடைக்கும் அதே சலுகை உங்களுக்கும் கிடைக்கும்.

கடைசியாக அந்த சுப்ரா. பூட்டிய டியூனோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதில் என்ன பாகங்கள் போட்டிருக்கிறார் என்று குறித்துக்கொண்டு, டர்போவை ஒரு படி இறக்கி, மிச்சமாகும் பிஐயை டயருக்கும் பின்சக்கர அகலத்துக்கும் கொடுங்கள். ஆல்-வீல் டிரைவுக்கு மாற்றலாம், கன்ட்ரோலரில் அது சுலபமான வழிதான், ஆனால் பிஐயும் எடையும் கூடும். அந்த வண்டியைப் பின்சக்கர இயக்கத்திலேயே அடக்கினால் ஓட்டும் சுகம் தனி என்பேன். டிஃப்ரன்ஷியல் ஆக்சிலரேஷனை 45 சதவீதம் பக்கம் வையுங்கள், ஆக்சிலரேட்டரை விடும்போது வேலை செய்யும் டிசெலரேஷனை 15 சதவீதம். பின்பக்க ஆன்டி-ரோல் பாரை இப்போது இருப்பதிலிருந்து ஐந்து ஐந்தாக இறக்குங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இந்த எண்கள் தொடங்குவதற்கு மட்டுமே, உங்கள் விரலுக்கு ஏற்றதை ஓட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆக்சிலரேட்டரைத் தொடும் முன்பே, வளைவுக்குள் நுழையும்போதே சுழல்கிறது என்றால் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. எந்த வளைவில், எந்தக் கியரில், பிரேக் பிடித்தபடியா விட்ட பிறகா என்று எழுதுங்கள், அதற்குத் தனியாகப் பதில் சொல்கிறேன்.